எவ்வளவு விற்கும், எவ்வளவு வைக்கலாம்? – வாசகர் கேள்வி-பதில்

சரக்கு இருப்பைப் பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் வரும் விற்பனை எண்கள் கணக்கு விளங்குவதற்கான மாதிரிகள். உங்கள் கடையின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2,800 அயிட்டம், 40 லட்சம் ரூபாய்க்கு ஸ்டாக். ஆனாலும் தினம் நாலு மெக்கானிக்காவது கேட்டது கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள். டேலியில் மூன்று வருடக் கணக்கு இருக்கிறது. தேவையைக் கணித்து வாங்கினால் ஸ்டாக் குறையும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? – வியாபாரி, சேலம்

2,800 அயிட்டத்துக்கும் கணிப்பு போட உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் அலுத்துவிடும். ஒரு வருட விற்பனையை அயிட்டம் வாரியாக டேலியிலிருந்து எக்செலுக்கு எடுங்கள். ரூபாய் மதிப்பில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்த விற்பனையில் 80 சதவீதம் வரும் இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே இருப்பவை ‘ஏ’. பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அயிட்டத்துக்குள் இந்தக் கோடு விழுந்துவிடும். அடுத்த 15 சதவீதம் ‘பி’, மிச்சம் ‘சி’. வாராவாரம் கணிப்பது ‘ஏ’-க்கு மட்டும். ‘பி’-க்கு மாதம் ஒரு முறை சராசரி பார்த்தால் போதும். ‘சி’-யில் வாஷர், கிளிப், ஸ்க்ரூ மாதிரி மலிவானவற்றை மூன்று மாதத்துக்கு வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். விலை கூடிய ‘சி’ சரக்கைக் கேட்டால் மட்டும் வரவழையுங்கள்.

அடுத்தது, டேலியில் இருப்பது விற்பனை, தேவை அல்ல. பிரேக் ஷூ பத்து நாள் கடையில் இல்லை என்றால் அந்தப் பத்து நாளும் கணக்கில் பூஜ்யம் விழும். அதை அப்படியே கணிப்புக்குள் விட்டால் அடுத்த முறையும் குறைவாக வாங்குவீர்கள், மறுபடியும் தீரும், மறுபடியும் பூஜ்யம். கல்லாப் பக்கத்தில் ஒரு ‘இல்லை’ நோட்டு வையுங்கள்: தேதி, பார்ட் நம்பர், கேட்ட எண்ணிக்கை. மூன்று கட்டம் போதும். அதற்கு மேல் கேட்டால் பையன்கள் எழுத மாட்டார்கள். வார விற்பனையோடு இந்த நோட்டைக் கூட்டினால் கிடைப்பதுதான் தேவை. ஒரே மெக்கானிக் இரண்டு நாள் வந்து கேட்டதை இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

இனி கணக்கு. ஒரு பிரேக் ஷூ செட்டின் எட்டு வாரத் தேவை: 42, 38, 45, 51, 40, 36, 48, 44. முதல் நான்கு வாரச் சராசரி 44. அதை ஐந்தாம் வாரத்தின் கணிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும், எவ்வளவு தவறினோமோ அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கணிப்பைத் திருத்துங்கள்.

ஐந்தாம் வாரம்: கணிப்பு 44, வந்தது 40, பிழை 4 குறைவு. புதுக் கணிப்பு 43.2.
ஆறாம் வாரம்: வந்தது 36, பிழை 7.2 குறைவு. புதுக் கணிப்பு 41.8.
ஏழாம் வாரம்: வந்தது 48, பிழை 6.2 கூடுதல். புதுக் கணிப்பு 43.
எட்டாம் வாரம்: வந்தது 44, பிழை 1 கூடுதல். ஒன்பதாம் வாரத்துக்குக் கணிப்பு 43.2.

அடுக்குச் சீராக்கம் என்று பெரிய பெயர் சொல்வது இதைத்தான். ராபர்ட் பிரவுன் 1950-களில் அமெரிக்கக் கடற்படையின் உதிரி பாகக் கணக்குக்கு இந்த முறையைக் கையாண்டார். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2, என்பது சீராக விற்கும் சரக்குக்குப் பொருந்தும். 0.5 வைத்தால் ஒரு வாரம் விற்பனை குதித்தாலே கணிப்பும் கூடக் குதிக்கும், நீங்கள் அளவுக்கு மேல் வாங்கிவிடுவீர்கள்.

பலரும் இந்த 43.2-ஐக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்டாக் செலவைக் குறைப்பது அந்த எண் இல்லை, கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்ற எண்தான். நான்கு வாரப் பிழைகளின் சராசரி (கூடுதல், குறைவு என்ற குறியை விட்டுவிட்டு) 4.61. கடையில் குறைந்தது 12 வாரப் பிழையை எடுங்கள். அந்தச் சராசரியை 1.25-ஆல் பெருக்கினால் 5.76. திட்ட விலக்கத்துக்கு, அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகின்றன என்ற அளவுக்கு, இந்தத் தோராயம் போதும். ஆர்டர் போட்டு சரக்கு வர இரண்டு வாரம் என்றால்,

சேஃப்டி ஸ்டாக் (தேவை எதிர்பாராமல் கூடினால் தாங்குவதற்கான கூடுதல் இருப்பு) = 1.65 × 5.76 × √2 = சுமார் 14.
ரீஆர்டர் லெவல் (இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும்) = 43.2 × 2 + 14 = சுமார் 100.

1.65 என்பது இருபது முறை ஆர்டர் போட்டால் ஒரு முறைக்கு மேல் சரக்கு தீரக் கூடாது என்ற 95 சதவீத அளவுக்கு. 90 சதவீதம் போதும் என்றால் 1.28, 99 வேண்டும் என்றால் 2.33. 95-இலிருந்து 99-க்குப் போக சேஃப்டி ஸ்டாக்கை 40 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எல்லா அயிட்டத்துக்கும் 99 வைப்பது வீண் செலவு. கிளட்ச் கேபிள் இல்லையென்றால் மெக்கானிக் அடுத்த கடைக்குப் போய்விடுவார், சீட் கவர் இல்லையென்றால் நாளைக்கு வருவார்.

ஸ்டாக்கைச் சனிக்கிழமை மட்டும்தான் பார்த்து ஆர்டர் போடுவீர்களா? அப்படியானால் 100 போதாது. இன்று விட்டால் அடுத்த வாய்ப்பு ஏழு நாள் கழித்துத்தான், எனவே மூன்று வாரத்துக்குத் தாங்க வேண்டும்: 43.2 × 3 = 129.6, சேஃப்டி ஸ்டாக் 1.65 × 5.76 × √3 = 17; மொத்தம் 147. ஒவ்வொரு சனியும் கையிருப்பையும் வழியில் வரும் சரக்கையும் கூட்டி, 147-லிருந்து கழித்து, மிச்சத்தை ஆர்டர் போடுங்கள். வழியில் வருவதை மறந்துவிட்டு ஒரே சரக்கை இரண்டு தடவை ஆர்டர் போடுவதுதான் கடைகளில் அதிகம் நடக்கும் தவறு. டேலியில் பர்ச்சேஸ் ஆர்டர் வவுச்சர் போட்டு வந்தால் இது தானாகவே கணக்கில் நிற்கும்.

இதில் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரம் என்று சொன்ன சப்ளையர் சில தடவை ஒன்றரை வாரத்தில் வருகிறார், சில தடவை இரண்டரை வாரம் ஆக்குகிறார். லீட் டைமின் (ஆர்டர் போட்டு சரக்கு வரும் காலத்தின்) திட்ட விலக்கம் அரை வாரம் என்று வைத்துக்கொண்டால், அதனால் வரும் ஆட்டம் 43.2 × 0.5 = 21.6, தேவையின் ஆட்டம் 5.76 × √2 = 8.1. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 23. சேஃப்டி ஸ்டாக் 14-லிருந்து 38-க்கு ஏறிவிடும். கணிப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த 24 செட் குறையாது. ஆர்டர் போட்ட தேதி, சரக்கு வந்த தேதி இரண்டையும் சப்ளையர் வாரியாக ஆறு மாதம் குறித்து, அந்தத் தாளோடு அவரிடம் பேசுங்கள். கிழமை தவறாமல் வருபவருக்குக் கட்டுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் எழுதிய சூத்திரம் இன்றும் செல்லும். வருடத் தேவை 2,246 செட். ஒரு ஆர்டருக்கு லாரி வாடகை, இறக்குக் கூலி, பில் வேலை சேர்த்து 150 ரூபாய். ஒரு செட் விலை 180, வட்டி, வாடகை, சேதம் சேர்த்து வருடத்துக்கு 20 சதவீதம், அதாவது 36 ரூபாய். 2 × 2,246 × 150 ÷ 36-இன் வர்க்கமூலம் 137. பெட்டிக் கணக்குக்காக 100 வாங்கினாலும் 200 வாங்கினாலும் ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்த தொகை 5 முதல் 7 சதவீதம்தான் கூடும். எனவே இங்கே துல்லியம் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

பேக்கரியில் முட்டை பப்ஸ் சில நாள் ஆறு மணிக்கே தீர்ந்துவிடுகிறது, சில நாள் இருபது, முப்பது மிஞ்சுகிறது. – திருநெல்வேலி

தீர்ந்த நாளில் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று எழுதி வையுங்கள். மிஞ்சிய நாட்களின் பில்களை எடுத்து, ஆறு மணிக்குள் எத்தனை பங்கு விற்றது என்று பாருங்கள். 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு 84 பப்ஸ் தீர்ந்த நாளின் தேவை 84 அல்ல, 84 ÷ 0.7 = 120.

கிழமை வாரியாகத் தனித்தனிச் சராசரி எடுங்கள். வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம் முழுவதும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் காலம் – இவற்றில் முட்டை பப்ஸ் இறங்கும், காய்கறி பப்ஸ் ஏறும். மொத்தப் பப்ஸ் எண்ணிக்கை அவ்வளவாக மாறாது. ஆகவே மொத்தத்தைக் கணித்து, பிறகு முட்டை எவ்வளவு, காய் எவ்வளவு என்று பிரியுங்கள். மாவு ஒன்றுதான், மசாலா வைக்கும் நேரத்தில் முடிவு செய்தால் போதுமே.

ஒரு பப்ஸின் அடக்கம் 9 ரூபாய், லாபம் 9 ரூபாய், மிஞ்சினால் வீண் என்றால் சராசரித் தேவை அளவுக்குப் போடுவதே சரி. அப்படிப் போட்டால் பாதி நாள் தீர்ந்துதான் போகும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். மூன்று நாள் வைத்து விற்கும் டீ கேக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைத் தாராளமாகப் போடலாம்.

ஜவுளிக்கடை. போன வருட அக்டோபர் விற்பனையைப் பார்த்து இந்த வருட அக்டோபருக்குக் கொள்முதல் செய்தோம், தீபாவளிச் சரக்கு ஏகமாகத் தேங்கிவிட்டது. – மதுரை

தீபாவளி ஆங்கில மாதத்துக்குக் கட்டுப்பட்டதா என்ன? 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. 2025 அக்டோபரில் சீசன் முழுவதும் 20 தேதிக்குள் முடிந்துவிட்டது. 2026 அக்டோபரிலோ சீசன் அப்போதுதான் சூடு பிடிக்கும். இந்த இரண்டு அக்டோபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எக்செலில் இருக்கும் பருவகாலக் கணிப்பும் இதே தவறைச் செய்யும், அதற்குப் பஞ்சாங்கம் தெரியாது.

தீபாவளி நாளைப் பூஜ்யமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி ஏழு நாள் ‘கழித்தல் 1’ வாரம், அதற்கு முந்தியது ‘கழித்தல் 2’, இப்படி ‘கழித்தல் 8’ வரை. மூன்று வருட விற்பனையையும் இந்த வாரங்களில் அடுக்கி, மொத்த சீசனில் ஒவ்வொரு வாரமும் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். மூன்று வருடமும் ஒன்றையொன்று ஒத்துப்போவதைப் பார்ப்பீர்கள். ஒத்துப்போகாத இடத்தில் சம்பளத் தேதி இருக்கும். அக்டோபர் 20-இல் வந்த தீபாவளிக்கு மாதச் சம்பளக்காரர்கள் போனஸை நம்பியிருந்தார்கள், நவம்பர் 12-இல் வந்ததற்குச் சம்பளமும் கையில் இருந்தது. பக்கத்து மில்லில் போனஸ் எப்போது போடுகிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வது எந்தச் சூத்திரத்தையும்விடப் பலன் தரும். ரம்ஜானுக்கும் பின்னோக்கி எண்ணும் முறைதான்; அது வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஆடி, மார்கழி, முகூர்த்த மாதங்களுக்குத் தமிழ் மாத வாரியாக விற்பனையை அடுக்கினாலே போதும், அவை வருடா வருடம் ஒரே தேதிகளில்தான் விழுகின்றன.

இந்தச் சதவீதங்கள் சீசனுக்கு நடுவிலும் உதவும். ‘கழித்தல் 5’ வாரம் முடியும்போது கடந்த மூன்று வருடத்தில் சீசனின் 22, 25, 24 சதவீதம் விற்றிருந்தது, இந்த வருடம் ஒரு ரகம் 310 விற்றிருக்கிறது என்றால், மொத்தம் 1,240-க்கும் 1,410-க்கும் நடுவில் நிற்கும். ஈரோட்டிலிருந்தோ சூரத்திலிருந்தோ இரண்டாம் தடவை வரவழைக்க அப்போது இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ஆகவே முதல் கொள்முதலில் 60, 65 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இந்தக் கணக்கைப் பார்த்தபின் எடுங்கள்.

டிசைன் வாரியாகக் கணிக்க முயல வேண்டாம். புது டிசைனுக்குப் பழைய கணக்கே கிடையாது. 600–900 ரூபாய் சட்டை, 1,500–2,500 சேலை என்று விலை வரிசையில் கணியுங்கள். அளவுப் பிரிவை (38, 40, 42, 44) உங்கள் கடையின் மூன்று வருட விகிதத்தில் பிரியுங்கள், மில்காரர் கட்டிக் கொடுக்கும் செட் விகிதத்தில் அல்ல. சீசன் முடிவில் மிஞ்சுவது பெரும்பாலும் ஓரத்து அளவுகள்தான்.

எவ்வளவு வாங்குவது என்பது லாபத்தையும் மிஞ்சினால் வரும் நஷ்டத்தையும் பொறுத்தது. 600-க்கு வாங்கி 900-க்கு விற்கிறீர்கள். விற்காமல் போனால் அடுத்த ஆடித் தள்ளுபடியில் 450 கிடைக்கும், அதுவரை வட்டியும் இடமும் 50. கிடைக்காமல் போகும் லாபம் 300, மிஞ்சினால் நஷ்டம் 200. 300-ஐ, இரண்டும் சேர்ந்த 500-ஆல் வகுத்தால் 0.6. அதாவது பத்தில் ஆறு தடவை தீராமல் போதும் அளவுக்கு வாங்கலாம். கணிப்பு 1,000, திட்ட விலக்கம் 200 என்றால் இந்த 0.6-க்கு வாங்க வேண்டியது சுமார் 1,050. அதே கணிப்பு, ஆனால் ஆடியில் 250-தான் கிடைக்கும் ரகம் என்றால் நஷ்டம் 400, விகிதம் 0.43; வாங்க வேண்டியது 965. கணிப்பைவிடக் குறைவாக வாங்குவதுதான் அங்கே புத்திசாலித்தனம். எக்செலில் நார்ம்.இன்வ் (NORM.INV) என்ற சார்பில் 0.6, 1000, 200 மூன்றையும் கொடுத்தால் விடை வந்துவிடும்.

நாங்கள் எஃப்.எம்.சி.ஜி. (சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருட்கள்) டிஸ்ட்ரிபியூட்டர். கணிப்புப் பிழை 30 சதவீதம் வருகிறது. மோசமா? – ஈரோடு

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வாரம் இரண்டு பெட்டி விற்கும் அயிட்டத்துக்கு மூன்று என்று கணித்தாலே 50 சதவீதம் பிழை வந்துவிடும், அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அயிட்டம் வாரியான சதவீதங்களைச் சராசரி எடுக்காமல், எல்லாப் பிழைகளையும் ரூபாயில் கூட்டி மொத்த விற்பனையால் வகுங்கள். அப்புறம், ‘போன வாரம் விற்றதே இந்த வாரமும் விற்கும்’ என்று வைத்துக்கொண்டால் பிழை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அதுவும் 30 என்றால் உங்கள் கணிப்பு வேலை வெட்டி வேலை.

பிழையின் அளவைவிட அது ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஆறு வாரத்தில் விற்பனையிலிருந்து கணிப்பைக் கழித்தால் –12, –8, +3, –15, –9, –11 என்று வருகிறது என்போம். கூட்டினால் –52, சராசரிப் பிழை 9.7. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் –5.4. இது 4-ஐத் தாண்டினால், கூடுதலோ குறைவோ, கணிப்பில் ஏதோ நிரந்தரக் கோளாறு. இங்கே 52 பெட்டி கிடங்கில் கூடுதலாக உட்கார்ந்திருக்கும்.

பெரும்பாலும் காரணம் ஆட்கள்தான். கணிப்பையே டார்கெட்டாக வைத்தால் விற்பனைப் பிரதிநிதி குறைத்துச் சொல்வார். சரக்குத் தட்டுப்பாடு இருந்தால் தனக்குக் கிடைக்க வேண்டுமே என்று கூட்டிச் சொல்வார். டார்கெட் வேறு, கணிப்பு வேறு என்று இரண்டு தாளாக வையுங்கள். பிரதிநிதி கணக்கை மாற்றினால் ஏன் என்று ஒரு வரி எழுத வைத்து, மூன்று மாதம் கழித்து யாருடைய எண் நெருங்கி வந்தது என்று ஒப்பிடுங்கள்.

மெடிக்கல் ஷாப். சில மருந்துகள் இரண்டு மூன்று மாதம் அசையாது, திடீரென்று நாலு ஸ்டிரிப் போகும். இதற்குச் சராசரி போட்டால் சரியாக வருவதில்லை. – தேனி

வராதுதான். 12 மாதத்தில் மூன்றாம் மாதம் 3, ஏழாம் மாதம் 2, பத்தாம் மாதம் 4 ஸ்டிரிப். மற்ற மாதமெல்லாம் பூஜ்யம். மாதச் சராசரி 0.75. ஆனால் எந்த மாதமும் முக்கால் ஸ்டிரிப் விற்கப்போவதில்லை. 1972-இல் கிராஸ்டன் என்ற ஆய்வாளர் சொன்ன வழி: வந்தால் எத்தனை போகிறது என்பதையும், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது என்பதையும் பிரித்துக் கணியுங்கள். இங்கே வந்தால் 3 ஸ்டிரிப், இடைவெளி 3.3 மாதம். வைக்க வேண்டியது, வந்தால் கொடுக்கும் அளவு, அதாவது 3 அல்லது 4. இடைவெளி நீண்டுகொண்டே போனால் அந்த மருந்தை இனி எழுதுவதில்லை என்று அர்த்தம், ஸ்டாக்கைத் திருப்பி அனுப்பப் பாருங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மருந்து மாதாமாதம் வாங்குபவர்களைப் பட்டியல் போடுங்கள். அவர்கள் வரும் தேதியைக் கணிக்கத் தேவையில்லை, 30 நாள் எண்ணினால் போதும். அந்த விற்பனையைத் தனியாகப் பிரித்துவிட்டால் மிச்சத்தைக் கணிப்பது எளிது.

‘10-க்கு 1 ஃப்ரீ’ ஸ்கீமைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். அது 9 சதவீதத் தள்ளுபடி. மாதம் 0.75 ஸ்டிரிப் போகும் மருந்தில் 11 வாங்கினால் தீர 15 மாதம் ஆகும். சராசரியாக ஒவ்வொன்றும் ஏழு மாதத்துக்கு மேல் கிடக்கும். வருடத்துக்கு 20 சதவீதச் செலவென்றால் 12 சதவீதம். ஸ்கீமே நஷ்டம், காலாவதி அபாயம் தனி. மாதம் 4 போகும் மருந்துக்கு அதே ஸ்கீமில் செலவு இரண்டு, இரண்டரை சதவீதம்தான், தாராளமாக எடுங்கள். காலை ஆர்டருக்கு மாலையில் சரக்கு வரும் ஊரில் மெதுவாகப் போகும் மருந்தை மொத்தமாக வாங்க வேறு காரணமே கிடையாது. காலாவதியாகி அழிக்கும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் (வாங்கும்போது கொடுத்து, பிறகு கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்ட வரி) ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டி.வி., ஏ.சி. விற்கிறோம். 2025 ஆகஸ்ட்–அக்டோபர் விற்பனையைக் கணிப்பில் எப்படிச் சேர்ப்பது? – தஞ்சாவூர்

ஜி.எஸ்.டி. வரி குறையும் என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 15-இல் வந்தது, செப்டம்பர் 22-இல் அமலானது. ஏ.சி.க்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் 28-லிருந்து 18 சதவீதம். நடுவில் ஐந்து வாரம் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள், பிறகு மொத்தமாக வந்தார்கள். செப்டம்பர் 22 அன்றே நவராத்திரியும் தொடங்கியது, நான்கு வாரத்தில் தீபாவளி. இந்த மாதங்களை அப்படியே விட்டால் அடுத்த வருடம் ஆகஸ்டில் குறைவாகவும் செப்டம்பர் கடைசியில் அளவுக்கு மேலும் வாங்கச் சொல்லும்.

ஆகஸ்ட் 15 முதல் தீபாவளி வரை மொத்த விற்பனையைக் கூட்டி, மதுரை வாசகருக்குச் சொன்ன பின்னோக்கு வாரக் கணக்கில், முந்தைய வருடங்களின் சதவீதப்படி திரும்பப் பிரித்து எழுதுங்கள். அசல் எண்ணை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்துக் கட்டத்தில் வையுங்கள். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: 32 அங்குல டி.வி.க்கு முன்பே 18 சதவீதம்தான், வரி மாறவில்லை. அதன் விற்பனை எந்த அளவு ஏறியதோ அது பெரும்பாலும் பண்டிகை. 43 அங்குலம் அதைவிட ஏறிய மிச்சம் பெரும்பாலும் வரி.

வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். டீலர்கள் ஒரு மாதம் 400 ஆர்டர் தருகிறார்கள், அடுத்த மாதம் 120. எப்படிக் கணிப்பது? – கோவை

டீலர் ஆர்டரைக் கணிக்காதீர்கள். வீட்டுக்கு வாங்குபவர்கள் மாதம் 250-ஐ ஒட்டித்தான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். காலாண்டு முடிவில் நீங்கள் ஸ்கீம் போட்டால் டீலர் இரண்டு மாதச் சரக்கை எடுத்து வைப்பார், அடுத்த மாதம் எடுக்க மாட்டார். அந்த 400-ஐ நம்பி நீங்கள் மோட்டாரும் கல்லும் வாங்குவீர்கள், மோட்டார்காரர் செம்புக் கம்பி வாங்குவார். மேலே போகப்போக ஆட்டம் பெரிதாகும். ஸ்கீமை மாத எடுப்பின் மேல் வைக்காமல், டீலர் கடையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போனதன் மேல் வையுங்கள். வாரண்டி கார்டு பதிவை வாராவாரம் எண்ணினாலே கடை விற்பனை கிடைத்துவிடும். எல்லோரும் பதிவு செய்ய மாட்டார்கள். விகிதம் ஓரளவு நிலையாக இருந்தால் பரவாயில்லை.

மாடல் வாரியாகக் கணித்து, மாடல் வாரியாக முடித்து வைக்கவும் வேண்டாம். இரண்டு மாடலின் பிழை தலா 30 என்றால், இரண்டுக்கும் பொதுவான மோட்டாரின் பிழை 60 அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஏறி இறங்கினால் √(900+900), அதாவது 42. மோட்டாரையும் கல்லையும் கையிருப்பில் வைத்து, நிறமும் டிரம்மும் ஆர்டர் வந்தபின் மாட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்பு மென்பொருள் என்று மாதச் சந்தாவில் விற்க வருகிறார்கள். வாங்கலாமா? – திருச்சி

கணிப்பு முறைகளை ஒப்பிடும் எம் போட்டிகளில் 1982-இலிருந்தே எளிய முறைகள் சிக்கலான முறைகளுக்கு ஈடுகொடுத்து வந்தன. வால்மார்ட் விற்பனையை வைத்து 2020-இல் நடந்த ஐந்தாம் போட்டியில் இயந்திரக் கற்றல் முறைகள் முந்தின. அங்கே 10 கடைகளின் 3,049 பொருட்களுக்குத் தினசரிக் கணக்கு இருந்தது. உங்களிடம் அந்த அளவு கணக்கு இருக்கிறதா? எக்செல் 2016 முதல் ஃபோர்காஸ்ட்.ஈ.டி.எஸ். (FORECAST.ETS) என்ற சார்பு இருக்கிறது, முதலில் அதை வைத்து ஓட்டுங்கள். விற்க வருபவரிடம் உங்கள் இரண்டு வருடக் கணக்கில் கடைசி மூன்று மாதத்தை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அவர் கணித்ததை மறைத்த மூன்று மாதத்தோடும் எக்செல் கணிப்போடும் ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் சரக்கை என்ன செய்வது? அடக்க விலைக்குக் கீழே கொடுக்க மனம் வரவில்லை. – எலெக்ட்ரிக்கல்ஸ், விருதுநகர்

ஒரு ரக ஸ்விட்ச் 300 கிடக்கிறது, வருடம் 60 போகிறது. தீர ஐந்து வருடம். சராசரியாக ஒவ்வொன்றும் இரண்டரை வருடம் கிடக்கும். வருடத்துக்கு 20 சதவீதம் என்றால் வாங்கிய விலையில் பாதி வைத்திருப்பதற்கே போய்விடும். இன்றே 35 சதவீதம் குறைத்து ஒரு காண்டிராக்டரிடம் தள்ளினாலும் உங்களுக்குத்தான் மிச்சம். வாங்கிய விலையைப் பார்க்காமல், இன்று கையில் வருவதையும் இனிச் செலவாகப் போவதையும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு வேண்டிய 60-ஐ நிறுத்திக்கொண்டு 240-ஐ விடுங்கள். எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. கணக்கில் எழுதித் தள்ளினால் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், குறைந்த விலைக்கு பில் போட்டு விற்றால் அந்தத் தொல்லை இல்லை. டேலியில் ஸ்டாக் ஏஜிங் அறிக்கையை மாதம் முதல் தேதி எடுத்து, 180 நாளைத் தாண்டியவற்றுக்கு அன்றே ரீஆர்டர் லெவலைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் பழைய லெவலைப் பார்த்து யாராவது அதையே மறுபடியும் ஆர்டர் போட்டுவிடுவார்கள்.